இ.சி.எச்.எஸ். உண்மையில் எவ்வளவு செலவு வைக்கிறது?

2019-ல் நான் ஹவில்தாராக ஓய்வு பெற்றபோது முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸுக்கு 30,000 ரூபாய் பிடித்தார்கள். சிப்பாய் முதல் ஹவில்தார் வரை இதுதான் தொகை. நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. ஒருமுறை கட்டினால் எனக்கும் மனைவிக்கும் ஆயுள் முழுக்கப் போதும். மத்திய அரசில் லெவல் 6-ல் ஓய்வு பெற்ற என் மச்சான், மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டமான சி.ஜி.எச்.எஸ்.ஸில் ஆயுள் கார்டுக்கு மாதம் 450 வீதம் பத்து வருடத் தொகை, 54,000 கட்டினார்.

அப்பாவும் பட்டாளத்துக்காரர். 1996-க்கு முன்பே வெளியே வந்ததால் சந்தா கிடையாது. இலவசம் என்றுதான் ஊரில் சொல்கிறார்கள். ஆனால் கார்டு வாங்கியதால் பென்ஷனோடு வரும் மருத்துவப் படி அவருக்கு இல்லை. இன்றைய கணக்கில் மாதம் 1,000, வருடத்துக்கு 12,000. அவருக்கு அதுதான் பிரீமியம். அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்தபோது அதன் அருமை தெரிந்தது. இ.சி.எச்.எஸ்.ஸின் சொந்த மருத்துவ மையமான பாலிகிளினிக்கில் ரெஃபரல் சீட்டு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். பணம் கட்டச் சொல்லி யாரும் கேட்கவே இல்லை.

கையைக் கடிப்பது மாத்திரைதான். அம்மாவின் சீட்டில் மெட்ஃபார்மினுக்கு நேரே டிக் இருக்கும், இன்சுலினுக்கு நேரே 'என்.ஏ.', அதாவது இருப்பில் இல்லை என்று எழுதியிருப்பார்கள். வெளியே வாங்கி, பில்லோடு கிளெய்ம் போட்டு, பணம் வரும்வரை நம் காசுதான் முடங்கிக் கிடக்கும். வயதானவர்களை இப்படி அலையவிடுவது நியாயமே இல்லை.

இன்னொன்று அவசரச் சிகிச்சை. வெளியூர்க் கல்யாணத்தில் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பக்கத்தில் இருந்தது எம்பேனல் ஆகாத, அதாவது இ.சி.எச்.எஸ்.ஸோடு ஒப்பந்தம் இல்லாத ஆஸ்பத்திரி. 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொன்னதால் கிளெய்ம் பிழைத்தது. ஆனாலும் சி.ஜி.எச்.எஸ். ரேட்டுக்குத்தான் பணம் வந்தது. மிச்சம் எங்கள் தலையில்.

அதற்காகத் தனியார் பாலிசிக்குத் தாவச் சொல்ல மாட்டேன். 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீத ஜி.எஸ்.டி. போய்விட்டது, உண்மைதான். ஆனால் வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். இ.சி.எச்.எஸ்.ஸில் அந்தப் பேச்சே இல்லை. பாலிசிக்குப் போகும் பணத்தை மருந்துக்கும் அவசரத்துக்கும் தனிக் கணக்கில் போட்டுவைக்கிறோம். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி எம்பேனலில் இருக்கிறது, இருதயத்துக்கு அனுமதி உண்டா, எலும்புக்கு உண்டா என்று பாலிகிளினிக்கில் அவ்வப்போது கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தம் முடிந்தால் பட்டியல் மாறிவிடும்.