வனத்து அந்தோணியார் திருநாளில் மாடு மந்திரிப்பு: ஒரு மதிப்புரை

பொங்கல் முடிந்த கையோடு, சனவரி 17ஆம் நாள், தமிழகத்தின் கத்தோலிக்கக் கிராமங்கள் பலவற்றில் வனத்து அந்தோணியார் திருநாள் கொண்டாடப்படுகிறது. அன்று ஆடுமாடுகளைக் கோவிலுக்கு ஓட்டிவந்து மந்திரித்துச் செல்வது வழக்கம். திண்டுக்கல் மாவட்டத்தின் ஒரு பங்கில், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள கோவில் வட்டாரத்தில், இந்த மந்திரிப்போடு கால்நடை மருத்துவ முகாமையும் சேர்த்தே நடத்துகிறார்கள் என்று உறவினர் ஒருவர் சொல்ல, எங்கள் வீட்டுக் கறவைப் பசுவையும் அதன் கிடாரிக் கன்றையும் இந்த ஆண்டு அங்கே கொண்டுசென்றோம். குறைகளையும் எழுதப்போவதால் ஊரின் பெயரைத் தவிர்க்கிறேன். கட்டணம் எதுவும் இல்லை. விரும்பியவர்கள் மெழுகுதிரியோ, ஒரு படி நெல்லோ காணிக்கையாக வைக்கிறார்கள்.

இந்தப் பங்கின் ஏற்பாட்டில் பிற இடங்களில் நான் காணாத ஒரு விதி உண்டு. மருத்துவரைப் பார்க்காத மாட்டுக்குத் தீர்த்தம் தெளிக்கப்படுவதில்லை. வாயிலில் இருக்கும் இளைஞர்கள் மாட்டின் காதிலுள்ள மஞ்சள் வில்லையின் பன்னிரண்டு இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு சீட்டுத் தருகிறார்கள். அந்தச் சீட்டில் கால்நடை உதவி மருத்துவர் கையெழுத்திட்ட பிறகுதான் மாடு பங்குத்தந்தையின் வரிசைக்குப் போகலாம். குடற்புழு நீக்க மருந்து, உண்ணி மருந்து, சினைப் பரிசோதனை, தாது உப்புக் கலவை ஆகியவை அங்கேயே கிடைக்கின்றன. கோமாரித் தடுப்பூசி விடுபட்ட மாடுகளைத் தனியே பட்டியலிட்டு, அவற்றுக்கு எப்போது ஊசி போடப்படும் என்று தேதியும் சொல்லி அனுப்புகிறார்கள். எங்கள் பசுவின் ஒரு காம்பில் மடிநோய் தொடங்கியிருப்பதை, நாங்கள் கேட்காமலேயே, மருத்துவர் கறந்து பார்த்துச் சொன்னார். வேண்டுதலுக்கு வந்த இடத்தில் வைத்தியமும் ஆயிற்று என்று என் மனைவி மகிழ்ந்தாள். எனக்கோ, இந்த வைத்தியமே வேண்டுதலின் பாதி என்று தோன்றியது.

எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் வெள்ளைக் காளை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கொம்புகளுக்கு நீல வண்ணம், கழுத்தில் கனத்த செவ்வந்தி மாலை, நெற்றியில் சலங்கைப் பட்டை என்று காளை மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தது. மருத்துவர் மாலையைச் சற்றே தூக்கினார். அதன் அடியில் நுகத்தடி அழுத்தி உண்டான புண் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து, ஓரங்களில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. "வண்டி ஓட்டாமப் பொழப்பு எப்படி டாக்டரம்மா?" என்று பெரியவர் தாழ்ந்த குரலில் கேட்டார். புண் ஆறும்வரை நுகம் வைக்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, கழுவி மருந்து பூசி, சீட்டில் கையெழுத்திட்டார். அதைப் படித்துப் பார்த்த பங்குத்தந்தை காளையின் முதுகில் தீர்த்தம் தெளித்த பின், "ஐயா, புண்ணு ஆறுற வரைக்கும் உங்க வண்டி வாடகை நட்டத்தை வின்சென்ட் தே பால் சபையில கேட்டு வாங்கிக்குங்க. நான் எழுதித் தர்றேன்" என்றார். ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்கச் சங்கம் அது. இரக்கம் என்று மறையுரைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மாட்டுக்கு ஓய்வும் மனிதருக்குக் கூலியுமாக அது ஒரே சீட்டில் எழுதப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மறையுரை சுருக்கமாகவும் செறிவாகவும் இருந்தது. எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து 356இல் இறந்த அந்தோணியாரின் வரலாற்றை அவர் காலத்து ஆயரான அத்தனாசியார் எழுதியிருக்கிறார். தண்ணீர் தேடிவந்த காட்டு விலங்குகள் துறவியின் சிறு தோட்டத்தை மிதித்து நாசம் செய்தபோது, அவர் ஒன்றை மென்மையாகப் பிடித்து, உங்களுக்கு நான் தீங்கு செய்யாதபோது நீங்கள் எனக்கு ஏன் செய்கிறீர்கள் என்று கேட்டு அனுப்பினாராம். பங்குத்தந்தை இந்தக் கதையோடு நிறுத்தியிருந்தால் வழக்கமான திருநாள் மறையுரையாகவே இருந்திருக்கும். போரடிக்கும் மாட்டின் வாயைக் கட்டக் கூடாது என்னும் விவிலியத்தின் இணைச்சட்ட நூலின் கட்டளை, பகைவனின் கழுதை சுமையோடு விழுந்து கிடந்தாலும் தூக்கிவிட வேண்டும் என்னும் விடுதலைப் பயண நூலின் சட்டம், ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த மாட்டை உடனே தூக்கிவிடாதவர் யார் என்று இயேசு கேட்ட கேள்வி ஆகியவற்றை வரிசையாக எடுத்துவைத்து, விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே எதிரானது என்று 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு கூறுவதில் கொண்டுவந்து முடித்தார். மாட்டின் மாண்பு என்று சொல்லாமல் மனித மாண்பு என்று அந்த ஏடு சொல்வதை அவர் அழுத்திச் சொன்னார். கூட்டத்தில் சிலர் தலையசைத்தார்கள். சிலர் மாட்டைத் திருப்பிப் பிடிப்பதில் முனைப்பாக இருந்தார்கள்.

குருவும் கால்நடை நலனும் ஒரே மேசையில் உட்காருவது புதிதன்று. விலங்குவதைத் தடுப்புக்கென்று 1824இல் இலண்டனில் தொடங்கப்பட்ட சங்கத்தை உருவாக்கியவர் ஆர்தர் புரூம் என்னும் ஆங்கிலிக்கன் குரு. அவர் பங்குப் பணியை விட்டு முழுநேரமாக அதற்கு உழைத்து, சங்கத்தின் கடனுக்காகச் சிறைக்கும் சென்றார். நம் நாட்டிலோ 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் முதல் குற்றத்துக்குப் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான் அபராதம் விதித்தது. அது ஒரு வேளைத் தேநீர்ச் செலவு. 37 பாகை வெயிலைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணிவரை வண்டி மாடுகளைப் பூட்டக் கூடாது என்று 1965ஆம் ஆண்டின் விதிகள் சொல்வதை எத்தனை வண்டிக்காரர்கள் அறிவார்கள்? இந்தப் பங்கில் அந்த விதியைப் பெரிய எழுத்தில் எழுதி, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே கட்டியிருந்தார்கள். அரசு அலுவலகச் சுவரில் இருந்தால் யாரும் படிக்காத வாசகம், மாடு தண்ணீர் குடித்து முடிக்கும்வரை வேறு வேலை இல்லாதவர்களால் வரி விடாமல் படிக்கப்பட்டது.

இனி குறைகள். திருப்பலியின் நடுவே, குரு அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது வேட்டுப் போட்டார்கள். கயிற்றை அறுத்துக்கொண்டு ஒரு காளை ஓட, இரண்டு வெள்ளாடுகள் மிதிபடாமல் தப்பியது தற்செயல். விலங்குகளுக்கென்றே நடத்தும் விழாவில் அவற்றை வெருட்டும் வேட்டு எதற்கு என்று பங்குப்பேரவையினர் ஒருவரும் யோசிக்கவில்லை போலும். ஒலிபெருக்கிகள் மாடுகள் நிற்கும் பக்கமே திருப்பி வைக்கப்பட்டிருந்தன. வரிசைக்கு நிழல் இல்லை. பந்தல் முழுவதும் மனிதர்களுக்கே. ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி என்பதால் சினை மாடுகளும் நீண்ட நேரம் காத்திருந்தன. நாயையும் பூனையையும் தூக்கிவந்த பிள்ளைகள் சிலர், மருத்துவரிடம் வெறிநோய்த் தடுப்பூசி இல்லாததால் சீட்டுக் கிடைக்காமல் நின்றார்கள். பங்குத்தந்தை விதியைத் தளர்த்தி அவற்றுக்குத் தீர்த்தம் தெளித்தது நல்லதுதான். ஆனால் கிராமத்தில் மனித உயிருக்கே ஆபத்தான நோயைத் தடுக்கும் அந்த ஊசிதான் முதலில் வந்திருக்க வேண்டும்.

கேட்கத் தயங்கி, பிறகு கேட்டேவிட்ட கேள்வி ஒன்றும் உண்டு. சமையல் கொட்டகையின் பின்புறம் நேர்ச்சை ஆடுகள் கட்டப்பட்டிருந்தன. மாலையில் எல்லோருக்கும் பரிமாறும் அசன விருந்துக்கு அவையே குழம்பு. முன்வாசலில் மந்திரிப்பும் பின்வாசலில் அறுப்புமாக ஒரே நாளில் இருப்பது பொருந்துமா என்று பங்குத்தந்தையிடம் கேட்டேன். உணவுக்காக விலங்குகளைப் பயன்படுத்துவதை அதே மறைக்கல்வி அனுமதிக்கிறது என்றும், அறுக்கும்வரை அந்த ஆடுகளுக்கு நிழலும் தழையும் தண்ணீரும் கொடுப்பது, ஒன்றின் கண்ணெதிரே மற்றொன்றை அறுக்காமலிருப்பது ஆகிய இரண்டையும் தாம் வந்த பிறகு கட்டாயமாக்கியிருப்பதாகவும் சொன்னார். நேர்மையான பதில்தான். ஆயினும் நேர்ச்சையை ஆட்டுக்குப் பதில் அரிசியாகவும் பருப்பாகவும் கொடுக்கலாம் என்று பீடத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்றைய மறையுரை இன்னும் ஓரடி முன்னே போயிருக்கும் என்பது என் எண்ணம். அடுத்த ஆண்டு சொல்லிப் பார்க்கிறேன் என்றார். சொல்வாரா என்று தெரியாது.

உரோமையில் இதே நாளில் புனித பேதுரு பேராலயத்தின் முன்பாக உழவர்கள் குதிரைகளையும் மாடுகளையும் கொண்டுவந்து ஆசி பெறுகிறார்கள். படங்களில் பார்க்கையில் அது கண்ணைப் பறிக்கும் விழா. நம் கிராமத்து மந்திரிப்புக்கு அந்தப் பகட்டு இல்லை. மருத்துவ மேசை இல்லாத மந்திரிப்புக்கு எங்கள் பசுவை நான் இனி ஓட்டிப்போக மாட்டேன். இந்தப் பங்குக்கு, வேட்டுப் போடுவதை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும், மறுபடியும் செல்வேன்.

போக எண்ணுவோர் காலைத் திருப்பலிக்கு முன்பே சென்று சீட்டு வாங்கிவிடுவது நல்லது. வெயில் ஏறிய பின் வரிசை நகராது. காது வில்லை விழுந்துபோன மாடாக இருந்தால் தடுப்பூசி அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு கயிறும் ஒரு வாளியும் கட்டாயம் வேண்டும். கன்றையும் தாயையும் ஒரே வண்டியில் ஏற்றிச் செல்வதானால் தரையில் வைக்கோல் பரப்பி, நடுவில் தடுப்புக் கட்டிவிடுங்கள். திரும்பும்போது மடிநோய்க்குத் தந்த மருந்தின் அளவை மருத்துவரிடமே ஒருமுறை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், கூட்டத்தில் வாய்மொழியாகச் சொன்னது வீட்டுக்கு வருவதற்குள் மறந்துவிடும்.