விரிவாக்கச் சேவைக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரா, தனிப் பெயரா?

அமெரிக்காவில் மாநிலப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் வேளாண் விரிவாக்கச் சேவைக்கு (எக்ஸ்டென்ஷன்: ஆராய்ச்சியில் தெரிந்ததை விவசாயிகளிடமும் பொதுமக்களிடமும் கொண்டுசேர்ப்பது) இரண்டு விதமாகப் பெயர் வைக்கிறார்கள். பென் ஸ்டேட் எக்ஸ்டென்ஷன் போலப் பல்கலைக்கழகத்தை முன்னால் நிறுத்துவது ஒரு வழி. வர்ஜீனியா கோஆப்பரேட்டிவ் எக்ஸ்டென்ஷன் போலத் தனிப் பெயரில் நிற்பது இன்னொரு வழி. டெக்ஸஸ் ஏ அண்ட் எம் அக்ரிலைஃப் இரண்டுக்கும் நடுவே இருக்கிறது: புதிதாகக் கட்டிய ஒரு சொல், அதற்கு முன்னால் பல்கலைக்கழகம். எங்கள் வாக்கு முதல் வழிக்குத்தான்.

பல்கலைக்கழகப் பெயர் இருந்தால் சொல்லும் யோசனைக்குப் பின்னால் ஆராய்ச்சி இருப்பது தெரியும். தனிப் பெயர் இருந்தால் பல்கலைக்கழக அணிகளின் கால்பந்துப் பகையும் கல்விக் கட்டணக் கோபமும் சேவையின் தலையில் விழாது. இதெல்லாம் எல்லோரும் அறிந்ததே. முடிவெடுக்க வேண்டியது பராமரிப்பை வைத்து.

1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டத்திலிருந்து இந்தச் சேவைக்கு ஒன்றிய அரசு, மாநிலம், கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) என மூன்று பக்கமும் பணம் வருகிறது. கவுண்டியில் இருக்கும் விரிவாக்க அலுவலகத்தின் கட்டடமும் பெயர்ப்பலகையும் பல இடங்களில் கவுண்டியின் செலவு. அங்கே கவுண்டி முத்திரை பெரிதாகவும் நம் பெயர் சிறிதாகவும் போய்விடும். ஒவ்வொரு அலுவலகமும் தனக்கொரு லோகோ வரைந்துகொள்ளும். தனிப் பெயர் வைத்தால் இதையெல்லாம் கட்டிக் காக்க நமக்கென்று ஒரு வடிவமைப்பாளர், ஒரு கையேடு, ஒரு இணைய முகவரி வேண்டும். நிதி சுருங்கும்போது முதலில் போவது அந்த வடிவமைப்பாளர் பதவிதான். பல்கலைக்கழகப் பெயரில் இருந்தால் லோகோ, வர்த்தகக்குறி, இணையச் சேவையகம் எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாட்டில் சேர்ந்துகொள்ளும்.

பெயர் மாற்றுவதென்றால், பரிசோதனைக்கு மண் அனுப்பும் மாதிரிப் பையிலிருந்து தொடங்குங்கள். மொத்தமாக அச்சடித்து அலுவலகங்களிலும் இடுபொருள் கடைகளிலும் வைத்திருப்பார்கள். பழைய பை வருடக்கணக்கில் புழங்கும். ஆய்வகத்தின் முகவரியும் கூடவே மாறியிருந்தால் மாதிரி வேறெங்கோ போய்ச் சேரும். கையிருப்பு தீர்ந்த பிறகே புதுப் பெயரை அறிவிப்பது நல்லது.

அடுத்தது வெளியீடுகள். வெளியீட்டு எண்ணை மாற்றவே கூடாது. பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதே கட்டுரையின் புதிய பக்கத்துக்கு நிரந்தரமாகத் திருப்பிவிட வேண்டும். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பினால் தேடல் தரவரிசை சரியும், வந்தவரும் திரும்பிப் போய்விடுவார். யாரோ எப்போதோ இறக்கி வைத்த பிடிஎஃப் கோப்பில் பழைய பூச்சிக்கொல்லி அளவு நம் பெயரோடு சுற்றிக்கொண்டே இருக்கும். அதனால் திருத்திய தேதி முதல் பக்கத்திலேயே, லோகோவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

முதல் வழிக்கும் குறை உண்டு. சுருக்கப் பெயர்தான் பெரிய தொல்லை. ஓஎஸ்யூ என்றால் ஒஹாயோ, ஒரேகன், ஒக்லஹோமா மூன்றின் ஸ்டேட் பல்கலைக்கழகங்களும் வரும். மூன்றுக்கும் விரிவாக்கச் சேவை உண்டு. எம்எஸ்யூ என்றாலும் மிச்சிகன், மிசிசிப்பி, மொன்டானா என்று அதே கதை. ஒரேகனில் தக்காளி வைப்பவர் ஒக்லஹோமாவின் நடவுத் தேதியைப் படித்தால் நாற்று குளிரில் போய்விடும். பக்கத் தலைப்பில், கோப்பின் பெயரில், முதல் படத்தில் மாநிலப் பெயரை முழுதாக எழுதுங்கள். இன்னொரு குறை: பல்கலைக்கழகத்தின் தகவல்தொடர்பு அலுவலகம் மாணவர் சேர்க்கையை மனதில் வைத்தே இணையதளத்தை அமைக்கும். விரிவாக்கத்துக்குத் தனி இணைய உள்முகவரியும் (சப்டொமைன்), லோகோவின் கீழ் கவுண்டி பெயர் போடும் உரிமையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வர்ஜீனியாவில் வர்ஜீனியா டெக்கும் வர்ஜீனியா ஸ்டேட் பல்கலைக்கழகமும் சேர்ந்து சேவையை நடத்துகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் ஒன்றின் பெயரை முன்னால் வைப்பது மற்றதற்குச் செய்யும் அவமதிப்பு. தனிப் பெயரே சரி. மூன்று, நான்கு நிறுவனங்கள் சேர்ந்தால் எது பொருந்தும் என்று நாங்கள் உறுதியாகச் சொல்ல மாட்டோம்.

எந்த வழியானாலும், சேவை நடத்தும் இளையோர் திட்டமான 4-எச்சின் சின்னத்தில் கை வைக்கக் கூடாது. பச்சை நான்கிலைக் குளோவரும் 4-எச் என்ற பெயரும் ஒன்றியச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை. சின்னத்தின் மேல் எழுத்தோ படமோ ஏற்றக் கூடாது. 4-எச்சையும், 1970களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்த மாஸ்டர் கார்டனர் என்ற தோட்டக்கலைத் தன்னார்வலர் திட்டத்தையும் மக்களுக்குத் தெரியும். அவற்றை நடத்துவது யார் என்பது பலருக்குத் தெரியாது. கவுண்டி வரவுசெலவு வாக்குக்கு வரும்போது அந்த இடைவெளி வலிக்கும். தன்னார்வலர் அட்டையிலும் கண்காட்சி மேசை விரிப்பிலும் திட்டத்தின் பெயருக்கு அடியிலேயே சேவையின் பெயர் நிற்க வேண்டும்.

அச்சுக்கு அனுப்பும் முன் முன்மேசையில் இருப்பவரை அந்தப் பெயரைச் சொல்லி ஃபோனை எடுக்கச் சொல்லுங்கள். பல்கலைக்கழகம், எக்ஸ்டென்ஷன், கவுண்டி மூன்றும் ஒரே மூச்சில் வராவிட்டால் அவர் தானாகவே சுருக்கிக்கொள்வார். ஊரில் நிலைப்பது அந்தச் சுருக்கம்தான்.