டிக் உள்ள பிள்ளைக்குச் சீனக் கஷாயமா, பழக்கப் பயிற்சியா?

சிங்கப்பூரில் ஒரு பிள்ளைக்குக் கண் சிமிட்டலோ தோள் குலுக்கலோ தொண்டைச் செருமலோ தொடங்கி மாதக்கணக்கில் நிற்காமல் போனால், பெற்றோர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. சீன மருத்துவரான சின்சேயிடம் போய் மூலிகை மருந்து வாங்கலாம். மனநல நிபுணரிடம் பழக்கப் பயிற்சிக்குப் போகலாம். மருத்துவமனை தரும் மாத்திரையை எடுக்கலாம். என் மகனுக்கு முதல் இரண்டையும் செய்து பார்த்தோம். மாத்திரை பற்றி மருத்துவரிடம் பேசியதோடு சரி. இப்போது பயிற்சியில்தான் நிற்கிறோம். சீன மருந்து கெட்டது என்பதால் அதை விடவில்லை. விட்டதற்குக் காரணம் வேறு, அதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும்.

இப்படித் திரும்பத் திரும்ப வரும் திடீர் அசைவோ சத்தமோதான் டிக்; அதை நீட்ட வேண்டியதில்லை. பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை. கெட்ட பழக்கமும் இல்லை, திருஷ்டியும் இல்லை. பெரும்பாலும் 4 முதல் 6 வயதுக்குள் தொடங்கி, 10 முதல் 12 வயதில் உச்சத்துக்குப் போய், பதின்பருவத்தில் பலருக்கும் தணிகிறது. உடலசைவு டிக்குகள் பலவும் குரல் டிக் ஒன்றாவதும் வந்து, ஓராண்டைத் தாண்டினால் டூரெட் என்கிறார்கள். 1885-ல் ஒன்பது நோயாளிகளை வைத்து இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவரின் பெயர் அது. இங்கே உச்சம் வருகிற வயதும், தொடக்கப்பள்ளி முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வு வயதும் ஒன்றாக அமைந்துவிடுவதால் வீட்டில் பதற்றம் இரட்டிப்பாகிறது.

ஆனால் டிக்கின் ஒரு குணத்தை மட்டும் யாரும் முழுதாக மனத்தில் வாங்கிக்கொள்வதில்லை. அது ஏறும், இறங்கும். சில வாரம் ஆட்டிவைக்கும், பிறகு தானாகவே அடங்கும், வேறோர் உருவில் திரும்பி வரும். கண்ணில் இருந்தது கழுத்துக்குப் போகும், கழுத்தில் இருந்தது மூக்கை உறிஞ்சும் சத்தமாகும். மருந்து கேட்டு நாம் ஓடுவது அது உச்சத்தில் இருக்கும்போதுதான். உச்சத்தில் இருப்பது எப்படியும் இறங்கும். இறங்குகிற வாரத்தில் எந்த மருந்து கையில் இருக்கிறதோ, நல்ல பெயர் அதற்குப் போய்விடும்.

முதலில் சீன மருத்துவம். எங்களைச் சின்சேயிடம் அனுப்பியவர் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அவருடைய பேரனுக்கு இதே தொல்லை இருந்ததாம். போகும்போது எனக்கிருந்த தயக்கம் போன பிறகு குறைந்தது. இந்த ஊரில் சீன மருத்துவர்களைப் பதிவு செய்ய 2000-லேயே சட்டம் வந்துவிட்டது. பெயரைப் பதிவேட்டில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். 1867 முதல் இயங்கும் தோங் சாய் மருத்துவ நிலையம் இன மத வேறுபாடு பார்க்காமல் ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் செய்துவருகிறது. ஆக, தமிழர் சீன வைத்தியரிடம் போவது இங்கே புதிய செய்தியே இல்லை.

அவர்கள் டிக்கைப் பார்க்கும் விதமும் பழமையானது. சோங் வம்சக் காலத்துக் குழந்தை மருத்துவர் சியான் யீயின் போதனைகளை 1119-ல் தொகுத்து வெளியிட்டார்கள். குழந்தை ஓயாமல் கண் சிமிட்டுவதைப் பற்றி அதில் வருகிறது. கல்லீரலில் எழும் காற்று தலைக்கும் கண்ணுக்கும் ஏறுவதால் வருகிறது என்று அதற்கு விளக்கம். இன்றைய மருத்துவரும் அந்த வழியில்தான் யோசிக்கிறார்: காற்றை அடக்கு, கல்லீரலைச் சமன்படுத்து, மண்ணீரலுக்கு வலுவூட்டு. அதற்காகச் சேர்க்கும் சரக்குகளில் தியன்மா, கோவ்தெங், வெண் பியோனி வேர் ஆகியவை அடிக்கடி வரும். தியன்மா ஒரு ஆர்க்கிட். பச்சையமே இல்லாமல் மண்ணுக்கடியில் ஒரு பூஞ்சையை உண்டு வாழும் விசித்திரச் செடி அது.

சைவ வீடுகள் ஒன்றைக் கட்டாயம் கேட்டுவிட வேண்டும். காற்றை அடக்கும் சரக்குகளில் உயிரினங்களும் உண்டு: சிள்வண்டு கழற்றிய ஓடு, காய்ந்த பட்டுப்புழு, மண்புழு, தேள், பூரான். முதல் நாளே சொல்லிவிட்டதால் எங்கள் மருத்துவர் அவற்றைச் சேர்க்காமல் எழுதிக் கொடுத்தார். கேட்காமல் விட்டால் பொட்டலத்தைப் பிரித்த பிறகுதான் தெரியும்; அதுவே குருணை மருந்தாக இருந்தால் தெரியவே தெரியாது.

சின்சேயிடம் எனக்குப் பிடித்தது அவர் கொடுத்த நேரம். நாக்கைப் பார்த்தார், இரண்டு கையிலும் நாடி பார்த்தார். எப்போது தூங்குகிறான், எவ்வளவு நேரம் கைப்பேசி பார்க்கிறான், மலம் எப்படிப் போகிறது, யாருக்குப் பயப்படுகிறான் என்று நிதானமாகக் கேட்டார். மகனும் அவரிடம் இயல்பாக இருந்தான். கஷாயம் காய்ச்சுவதும் அந்தக் கசப்பைக் குடிக்க வைப்பதும் பெரும்பாடுதான், ஆனால் வெந்நீரில் கலக்கும் குருணைக்கு மாறியதும் அது தீர்ந்தது. டிக்கும் குறைந்தது. பிறகு கூடியது. மருத்துவர் சேர்க்கையை மாற்றினார். மறுபடி குறைந்தது. மறுபடி கூடியது, மறுபடி மாற்றினார்.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த இடம்தான். மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியே இல்லை. ஒவ்வொரு முறையும் நாடிக்கும் நாக்குக்கும் ஏற்ப மருந்தை மாற்றுவது சீன மருத்துவத்தின் குறையல்ல, அதன் அடிப்படையே அதுதான். நோயும் தானாக ஏறி இறங்குகிறது, மருந்தும் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. அப்படியானால் எந்த இறக்கம் மருந்தால் வந்தது, எது தானாக வந்தது என்று தாயும் சொல்ல முடியாது, மருத்துவரும் சொல்ல முடியாது. நிறுத்தினால் என்ன ஆகும் என்றும் தெரியாது. அதனால் நிறுத்தத் துணிவு வராது. குழந்தைக்குத் தரும் எந்த மருந்திலும் இதைவிடப் பெரிய கேள்வி எனக்கு இல்லை.

ஆராய்ச்சியே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சீனாவில் 5 முதல் 18 வயது வரையுள்ள 603 பேரை வைத்து நடந்த ஒரு சோதனை 2016-ல் வெளியானது. 11 மூலிகைகள் சேர்ந்த ‘ஐந்து லிங்’ குருணையை ஒரு பிரிவினருக்கும், டயாபிரைட் என்ற ஆங்கில மருந்தை இன்னொரு பிரிவினருக்கும், மருந்தே இல்லாத போலிக் குருணையை மூன்றாம் பிரிவினருக்கும் 8 வாரம் கொடுத்தார்கள். குணம் தெரிந்தவர்கள் குருணையில் 74 சதவீதம், டயாபிரைடில் 68.3 சதவீதம். பக்க விளைவுகளும் டயாபிரைடைவிடக் குருணைக்குக் குறைவு. இது நல்ல முடிவு, சீன மருத்துவத்தை இளக்காரமாகப் பேசுபவர்கள் படிக்க வேண்டியது. ஆனால் போலிக் குருணை சாப்பிட்டவர்களிலும் 44 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. ஒன்றுமில்லாததைக் குடித்த பத்துப் பேரில் நாலு பேருக்கு மேல் தேறியிருக்கிறார்கள்! பக்கத்து வீட்டுப் பேரன் தேறியதை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. சோதித்தது எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுத்த ஒரே குருணையை. என் மகனுக்கு எழுதித் தந்தது அவனுக்கென்றே அன்றன்று சேர்த்த கலவை. அந்த 74 சதவீதத்தை இந்தக் கலவைக்கு வரவு வைக்க முடியாது.

இனி பழக்கப் பயிற்சி. 1973-ல் அஸ்ரின், நன் என்ற இருவர் தொடங்கிவைத்த முறையிலிருந்து வளர்ந்தது இது. டிக் வருவதற்கு முன் உடம்பில் ஒரு உறுத்தல் எழும். தும்மலுக்கு முன் மூக்கு அரிப்பது மாதிரி. அதைக் கவனிக்கப் பிள்ளைக்கு முதலில் கற்றுத் தருகிறார்கள். உறுத்தல் எழுந்ததும், டிக்குக்கு இடம் தராத வேறொரு அசைவைச் செய்து, உறுத்தல் அடங்கும்வரை பிடித்து வைக்க வேண்டும். கழுத்து வெட்டுக்கு, தலையை நேராக வைத்துக் கழுத்துத் தசைகளை லேசாக இறுக்குவது. செருமலுக்கு, வாயை மூடி மூக்கால் மெதுவாக மூச்சு விடுவது. கேட்கச் சின்ன விஷயமாகத்தான் இருக்கிறது. நானும் முதலில் அப்படித்தான் பார்த்தேன்.

பாதிப் பயிற்சி பிள்ளைக்கு, மீதி வீட்டுக்கு. எந்த நேரத்தில், யார் முன்னால், என்ன நடந்த பிறகு டிக் கூடுகிறது என்று எழுதி வைக்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அது வீட்டுப்பாட நேரத்தில் கூடியது. அதைவிடவும், “கண்ணு, அப்படிச் சிமிட்டாதப்பா” என்று என் மாமியார் அன்போடு சொல்கிற ஒவ்வொரு முறையும் கூடியது. யாரும் அதைச் சுட்டிக்காட்டக் கூடாது என்பதுதான் பயிற்சியில் எங்களுக்கு வந்த முதல் பாடம். பயிற்சி தருபவர் ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் வீட்டுக்கு வந்து நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. “அப்படின்னா நான் பேசவே கூடாதா?” என்று அத்தை முதலில் வருத்தப்பட்டார். டிக்கைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டாம் என்றதும் புரிந்துகொண்டார். வீட்டில் அவரளவு உறுதியாக அதைக் கடைப்பிடித்தவர் யாருமில்லை.

இதற்கும் சோதனை உண்டு. அமெரிக்காவில் 9 முதல் 17 வயது வரையான 126 பேருக்கு 10 வாரத்தில் 8 அமர்வுகள் நடத்தினார்கள். 2010-ல் முடிவு வெளியானது. பயிற்சி பெற்றவர்களில் 52.5 சதவீதம் பேருக்கு முன்னேற்றம். ஆறுதலும் விளக்கமும் மட்டும் பெற்றவர்களில் 18.5 சதவீதம். 74-க்கு முன்னால் 52.5 குறைவாயிற்றே என்று தோன்றும். இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள், நேருக்கு நேர் நிறுத்தக் கூடாது. ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், ஒவ்வொன்றும் தன் ஒப்பீட்டுப் பிரிவைவிட எவ்வளவு மேலே நிற்கிறது என்று பாருங்கள்: குருணை 30 புள்ளி, பயிற்சி 34 புள்ளி. ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பயிற்சியில் பயன் கண்டவர்களை ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது பெரும்பாலோருக்கு அந்தப் பயன் நிலைத்திருந்தது. 2019-ல் அமெரிக்க நரம்பியல் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதல் இந்தப் பயிற்சியைத்தான் முதலில் வைக்கிறது. தொல்லை தராத டிக்கை வைத்தியமின்றிக் கவனித்துக்கொண்டிருப்பதும் சரியே என்கிறது.

என் கேள்விக்கும் பயிற்சியில் பதில் கிடைத்தது. கழுத்து வெட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம், செருமலைத் தொடவில்லை. கழுத்து வெட்டு குறைந்தது, செருமல் அப்படியே இருந்தது. இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் தானாக இறங்கும் காலம் என்று நினைத்திருப்பேன். பிறகு செருமலுக்கும் பயிற்சி செய்தோம். மருந்து தீர்ந்ததும் தீர்ந்துபோகிற பயனாகவும் இது இல்லை. வேறு உருவில் திரும்பி வரும்போது, என்ன செய்வதென்று மகனுக்கே தெரிந்திருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பாதிப் பேருக்கு இது போதிய பலன் தரவில்லை என்பதும் அதே சோதனையில்தான் இருக்கிறது. உறுத்தலைக் கவனித்துச் சொல்லும் வயது வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையிடம் எதிர்பார்ப்பது கடினம். பயிற்சி பெற்ற நிபுணர்கள் குறைவு, காத்திருப்பு நீளம். களைத்து வரும் பிள்ளையிடம் தினமும் இதற்காக உட்கார வேண்டும், அந்த நேரத்தில் ஒரு குருணைப் பொட்டலத்தைக் கலக்குவது எவ்வளவோ சுலபம்.

மாத்திரை பற்றி நான் அதிகம் பேச முடியாது. மகனுக்குக் கவனச்சிதறலோ (ஏடிஎச்டி) எண்ணச் சுழல் நோயோ (ஓசிடி) இல்லை. அவை சேர்ந்திருக்கும் பிள்ளைகளின் கணக்கு வேறு, கவனச்சிதறல் சேர்ந்திருந்தால் குளோனிடின், குவான்ஃபசின் போன்றவை அதற்கும் டிக்குக்கும் உதவலாம். டிக்கால் கழுத்து வலித்து, தூக்கம் கெட்டு, பள்ளிக்கே போக முடியாத நிலை வந்தால் நானும் அரிபிப்ரசோலுக்குச் சம்மதித்திருப்பேன். எடை கூடுவதும் தூக்கக் கலக்கமும் அதன் விலை. குளோனிடினைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, ரத்த அழுத்தம் எகிறும்.

இதையெல்லாம் படித்த பிறகும் சீன மருந்தையே முயல விரும்புகிறவர்களுக்கு என் யோசனை இது. டிக் உச்சத்தில் இருக்கும் வாரத்தில் தொடங்காதீர்கள். அதற்கு முன் சில வாரமாவது தினமும் ஒரே நேரத்தில், பத்து நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். 8 வாரம் ஒரே சேர்க்கையை மாற்றாமல் தர முடியுமா என்று சின்சேயிடம் மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபிக்க மாட்டார். சரக்குகளின் பெயர்களை எழுதி வாங்குங்கள். வலிப்பு, மிரட்சிக்கென்று பழைய சேர்க்கைகளில் சின்னபாரும் இருந்திருக்கிறது, அது பாதரசக் கூட்டு, எந்த அளவிலும் பிள்ளைக்கு வேண்டாம். ரத்தச் சிவப்பணுக்கள் எளிதில் சிதையும் பிறவிக் குறைபாடான ஜி6பிடி குறைபாடு உள்ள பிள்ளை என்றால் அதை முதலில் சொல்லுங்கள். கசப்பு வேரான ஹுவாங்லியனைச் சிங்கப்பூர் 1978-ல் தடை செய்தது பச்சைக் குழந்தைகளுக்கு வந்த மஞ்சள் காமாலை பற்றிய அச்சத்தால்தான். பின்னர் தடை நீங்கியது, ஆனால் அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு எச்சரிக்கை நீங்கவில்லை. பெயரில்லாத உறையில் வரும் தூளை யார் தந்தாலும் வாங்காதீர்கள். மருத்துவமனை மாத்திரை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், அங்கே சொல்லாமல் மூலிகையைத் தொடங்காதீர்கள்.