சென்னை – சிங்கப்பூர் விமானம்: டிக்கெட்டில் போட்ட நேரமும் உண்மையில் ஆகும் நேரமும்

மீனம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கு நேர்வழியில் சுமார் 2,920 கிலோமீட்டர். நேரடி விமானத்துக்கு 4¼ மணி நேரத்தை ஒட்டித்தான் டிக்கெட்டில் போட்டிருப்பார்கள். ஆகாயத்தில் இருப்பதோ 3¾ மணி நேரம் அளவுக்குத்தான். கேட்டை விட்டு நகர்வது புறப்பாடு, சாங்கியில் கேட்டில் வந்து நிற்பது வருகை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் வரிசையில் காத்திருப்பதும் அந்தக் கணக்குக்குள்ளேயே அடக்கம். ஆகவே 20 நிமிடம் தாமதமாகக் கிளம்பினால் பதறவே வேண்டாம், பெரும்பாலும் சரியான நேரத்துக்கே போய்ச் சேரும்.

சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட 2½ மணி நேரம் முன்னே ஓடுகிறது. இரவு 11:00 கிளம்பி காலை 5:45 சேர்கிறது என்றால் 6¾ மணி நேரம் போலத் தெரியும். 2½ கழித்தால் 4¼. திரும்பும்போது இரவு 8:00 ஏறி 9:45க்கு இறங்குகிறோம், அங்கே 2½ கூட்ட வேண்டும். டிக்கெட்டில் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம்தான்.

விமானத்தைத் தவறவிடுபவர்கள் அதிகம் தவறுவது தேதியில். 15ஆம் தேதி 00:30 என்றால் 14ஆம் தேதி இரவு ஒன்பதரைக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். வீட்டுக் காலண்டரில் 14ஐ வட்டமிட்டு வைப்பது நல்லது. செக்-இன் கவுண்டர் 60 நிமிடம் முன்பே மூடிவிடும். பன்னாட்டு விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டியே கிளம்புவதால் குடிநுழைவு வரிசையும் அப்போதுதான் நீளும்.

பாதை வங்கக் கடலைக் குறுக்கே கடந்து, கிரேட் நிக்கோபார் பக்கமாகப் போய், சுமத்ராவின் வடமுனையை ஒட்டி மலாக்கா நீரிணைக்குள் நுழைகிறது. நிக்கோபாரை நெருங்கும்போது இடிமேகக் கூட்டங்கள் அடிக்கடி குறுக்கிடும். விமானி சுற்றி வளைத்துப் போவார், ஐந்து பத்து நிமிடம் கூடும், குலுங்கவும் செய்யும். பெல்ட்டைத் தூங்கும்போதும் போர்வைக்கு மேலாகவே போட்டுக்கொள்ளுங்கள், ஊழியர்கள் அதைப் பார்க்க வந்து எழுப்ப மாட்டார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை உயரத்தில் கீழைக்காற்று பலமாக வீசும். அந்த மாதங்களில் போவதைவிடத் திரும்பி வருவது சற்று வேகம்.

இரவு விமானத்தில் தூங்கிக்கொள்ளலாம் என்று நம்பி மறுநாள் காலையிலேயே வேலை வைத்துக்கொள்ள வேண்டாம். ஏறியதும் சாப்பாடு, இறங்க அரை மணிக்கு முன்பே விளக்கு. இடையில் கிடைப்பது இரண்டு, இரண்டரை மணி நேரத் தூக்கம். பகல் விமானம் கிடைத்தால் அதையே எடுங்கள், நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை.

சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல. காலை 5:45க்கு இறங்கினால் வெளியே இருட்டாகத்தான் இருக்கும், அங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணி வாக்கில். லிட்டில் இந்தியா போகிறவர்கள் சாங்கியில் எம்.ஆர்.டி. என்ற மெட்ரோ ரயில் ஏறி அடுத்த நிலையமான எக்ஸ்போவில் டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் போதும், அதே ரயில் நேராகக் கொண்டுபோய் விடும். சென்னையில் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் கால் வைப்பதுவரை 10 மணி நேரம் ஒதுக்குங்கள்.