கடலடி அறையா, கேமரா கம்பமா?

ஆமைகளைக் கடலுக்குள்ளேயே கவனிக்க இரண்டு வழிகள் உண்டு: ஆட்கள் உட்காரும் ஜன்னல் வைத்த அறை, அல்லது கடல்தரையில் நட்ட கேமரா கம்பம்.

அறையின் பலம் மனிதக் கண்தான். ஆமை பாறை இடுக்கில் உடம்பைச் செருகிக்கொண்டு தூங்குவதையும், பாறையில் தன் ஓட்டைத் தேய்ப்பதையும் தொடர்ந்து பார்க்கலாம். ஆனால் 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இருமடங்கு. தடித்த அக்ரிலிக் ஜன்னல், காற்றோட்டம், அவசர வழி என்று செலவு எகிறும். அதைவிடத் தொல்லை வெளிச்சம். கரையை ஒட்டி இரவில் விளக்கு எரிந்தால், கடலில் இறங்கிய குஞ்சுகள்கூட அதைச் சுற்றியே தங்கி மீன்களுக்கு இரையாகலாம்.

கேமராவில் ஆள் இல்லை, அதனால் இந்தச் செலவும் இல்லை. ஆனால் சில வாரங்களிலேயே லென்ஸில் பாசி படியும், அப்புறம் கொட்டலசு (பாறையிலும் படகிலும் ஒட்டி வளரும் ஓடுள்ள சிற்றுயிர்) ஏறும். துடைப்பானோ, இவற்றை ஒட்டவிடாத செப்புச் சட்டமோ கட்டாயம். கம்பத்திலிருந்து மேலே மிதவைக்குப் போகும் கயிறோ கேபிளோ தொய்ந்திருந்தால் ஆமையின் துடுப்பில் சுற்றிக்கொள்ளும். மூச்செடுக்க மேலே வர முடியாமல் அது செத்துப்போகும். ஆகவே கேபிளைத் தரையோடு இழுத்துப் பொருத்துவதே சரி.

ஆமைகளின் பாதுகாப்புதான் நோக்கமென்றால் என் ஓட்டு கேமராவுக்கே. மக்களுக்குக் காட்டத்தான் அறை. அதையும் முட்டையிடும் கரையிலிருந்து தள்ளி வைத்து, இரவில் விளக்கை அணைத்துவிட வேண்டும்.