சென்னிமலைப் பக்கம் மூன்று வாரம், என் வலது முழங்காலோடு

மூன்று ஆண்டுகளாக என் வலது முழங்கால் வலிக்கிறது. விழவில்லை, அடிபடவில்லை, வீக்கமும் இல்லை. டொராண்டோவில் எடுத்த எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. ஸ்கேனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கச் சொன்னார்கள். ஊருக்குப் போகும்போது கோவையில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

வேகத்தில் கோவையைக் குறை சொல்லவே முடியாது. காலை 7 மணிக்கு ஒரு பெரிய மருத்துவமனையில் பெயர் பதிந்தேன். யூரிக் அமிலம், வைட்டமின் டி, முடக்குவாதத்துக்கான இரத்தப் பரிசோதனை எல்லாம் மதியத்துக்குள் முடிந்தன. எம்ஆர்ஐ அறிக்கை மாலையே கைபேசிக்கு வந்துவிட்டது.

மருத்துவரிடம் இருந்தது நான்கு நிமிடம். படத்தைப் பார்த்தார். "ஜவ்வு, தசைநார் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஒன்றும் இல்லை" என்றார். பிறகு ஏன் வலிக்கிறது என்று கேட்டேன். வயதைச் சொன்னார், எடையைச் சொன்னார். முழங்காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து அதே இடத்திலிருந்து ஒரு பெண் அழைத்து, மூட்டு மாற்று அறுவைக்குச் சலுகை இருப்பதாகச் சொன்னார். ஒன்றும் இல்லாத மூட்டை எதற்கு மாற்றவேண்டும்? அன்றிரவு கோபத்தில் தூக்கமே வரவில்லை.

சென்னிமலைக்கு அருகே பெரியம்மா வீடு. வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்: முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், ஆட்டுக்கால் சாறு. அன்போடு செய்ததை அன்போடு சாப்பிட்டேன். பெருந்துறைக்கு டவுன் பஸ்ஸில் போய்வந்தேன். பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆனால் முதல் படி என் முழங்காலுக்கு மலை. நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து ஏறி முடிக்கும்வரை விசில் ஊதாமல் காத்திருந்த நடத்துநரை மறக்கமாட்டேன்.

பெரியம்மாவுக்குப் பக்கவாதம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார். முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. பெரியம்மாவின் கைக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர், நான் பாயிலிருந்து எழுந்ததைக் கவனித்துவிட்டார். "அக்கா, கையை ஊன்றாமல் ஒருமுறை எழுந்து காட்டுங்கள்" என்றார். திண்ணைப் படியில் ஏறி இறங்கச் சொன்னார். இடுப்பைத் தொட்டு அழுத்திப் பார்த்தார். வலது இடுப்பின் பக்கவாட்டுத் தசையில் வலு குறைந்திருக்கிறது, அதனால் இறங்கும்போது தொடை உள்பக்கம் சாய்ந்து முழங்கால் சிப்பியில் பாரம் விழுகிறது என்றார். இதுதான் முழுக் காரணம் என்று அடித்துச் சொல்லவும் இல்லை.

"ஸ்கேனில் கிழிசல் தெரிந்தும் வலியே இல்லாதவர்கள் உண்டு, எதுவும் தெரியாமல் வலிப்பவர்களும் உண்டு. நாள்பட்ட வலியில் நரம்பே கூர்மையாகிவிடும். தறி நின்ற பிறகும் காதுக்குள் தறிச் சத்தம் கேட்கிறதல்லவா, அதுபோல. சத்தம் உங்களுக்குக் கேட்பது நிஜம்தான்" என்றார்.

மூன்று ஆண்டுகளில் என் வலியை நிஜம் என்று சொன்ன முதல் ஆள் அவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, தாழ்வான படியில் மெதுவாக இறங்குவது: மூன்றே பயிற்சிகள், ஒவ்வொன்றும் பத்து முறை. வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினால் எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும். ஆனால் அடியோடு நிறுத்தக்கூடாது. சென்னிமலையின் 1,320 படிகளை இந்த முறை ஏறவேண்டாம் என்றார். வண்டிப் பாதையில் போய் முருகனைக் கும்பிட்டு வந்தேன்.

ஊருக்குப் போய்க் காட்டிக்கொள்ள நினைப்பவர்கள் ஸ்கேன் படத்தோடு குறுந்தகட்டையும் கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டு மருத்துவருக்கு அதுதான் உதவும். கூடவே, நீங்கள் நடப்பதைப் பார்க்கும் ஒருவரைத் தேடுங்கள்.

வலி போய்விடவில்லை. குளிர் நாட்களில் காலையில் நன்றாகவே தெரிகிறது. ஞாயிறு இரவு 8 மணிக்கு, அங்கே திங்கள் விடியும் நேரத்தில், பெரியம்மாவைக் காணொளியில் அழைக்கிறேன். அவர் தன் இடது கையைத் தூக்குகிறார், நான் காலைத் தூக்குகிறேன். எண்ணுவது அவர்தான். ஏழில் நான் நிறுத்தினால், "இன்னும் மூன்று இருக்கிறது கண்ணு" என்கிறார்.