கல்மண்டபம் ஆயாவின் கூழ் வண்டி

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் காலையில் ஒரு கூழ் வண்டி நிற்கும். பெயர்ப்பலகை கிடையாது. பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிற எனக்கு ஆறு மாசமாய்க் காலைச் சாப்பாடு அங்கேதான்.

போன செமஸ்டரில் இரண்டு அரியர். வீட்டில் சொல்லவும் பயம், சாப்பிடவும் பிடிக்கவில்லை. இரண்டாவது பீரியடிலேயே கண் இருட்டும். அப்படி ஒருநாள் வண்டியோரம் நின்றபோது ஆயாவே கூப்பிட்டார்: "இன்னா கண்ணு, மூஞ்சி வாடிக்கீது? வெறும் வயித்தோட போனா படிப்பு எங்க ஏறும்?"

கேழ்வரகு மாவை முந்தின நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய் சேர்த்துக் காய்ச்சுகிறார். கூழ்க்கட்டியை மோரில் போட்டுக் கையால் பிசையும்போது நொய் விரலிடுக்கில் வெள்ளையாய்த் தெரியும். மேலே பொடியாய் நறுக்கிய சின்ன வெங்காயம். ஒரு சொம்பு 25 ரூபாய். மதியம் ஒரு மணி வரை பசியே எடுக்காது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. ஹாஸ்டல் பிள்ளைகள் அவசியம் குடிக்கணும்.

மோர் மிளகாயில் உப்பு தூக்கல், அதைக் குறைக்கலாம். தொட்டுக்க மாங்காய் கேளுங்கள். காசிமேட்டுக் கருவாடு வறுவலும் உண்டு, அபார ருசி, ஆனால் கிளாஸுக்குப் போகிறவர்கள் கையை நன்றாகக் கழுவணும்.

ஒரு அரியரை முடித்துவிட்டேன் என்று சொன்ன அன்றைக்கு ஆயா காசே வாங்கவில்லை. இன்னொன்று நவம்பரில்.

ஒன்பதரைக்கு மேல் போனால் குண்டான் காலி. ஞாயிறு லீவு.